பாக்கெட் உணவு லேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. திருப்பிய பிறகு எழும் சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்தியாவில் விற்கப்படும் பாக்கெட்டுகளுக்கானவை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிகளும், விளம்பர வாசகங்களுக்கான 2018 விதிகளுமே அடிப்படை.

பாக்கெட்டைத் திருப்பினா பொடி எழுத்தா நிறைய இருக்கு. எதை முதல்ல பாக்கணும்?

நிகர எடை, சத்து அட்டவணையில் 100 கிராமுக்கான பத்தி, சேர்பொருள் (இன்கிரீடியன்ட்ஸ்) பட்டியல். இந்த மூன்றும் போதும். முன்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் விளம்பரம். அங்கே சொன்னது உண்மையா என்று சோதிக்கத்தான் பின்பக்கம்.

அட்டவணையில் கலோரி, புரதம், மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்), மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். அவசரத்தில் நிற்பவர் சேர்த்த சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் என்ற மூன்று வரிகளை மட்டும் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

100 கிராமுக்குன்னு ஒரு கணக்கு, பெர் சர்வ்னு ஒரு கணக்கு. எதை நம்புறது?

இரண்டும் உண்மைதான், வேலைதான் வேறு. இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட 100 கிராம் (பானமென்றால் 100 மில்லி) பத்தி. ‘ஒரு சர்வ்’ என்பது எத்தனை கிராம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஒருவர் 20 கிராம் என்பார், இன்னொருவர் 30 கிராம் என்பார். அந்தப் பத்தியை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். நிகர எடை 150 கிராம். 100 கிராமில் மாவுச்சத்து 45 கிராம், புரதம் 13 கிராம், கொழுப்பு 34 கிராம், அதில் நிறைவுற்றது 14 கிராம், சோடியம் 750 மில்லிகிராம், 538 கலோரி. சர்வ் அளவு 30 கிராம் என்று போட்டிருந்தால் அந்தப் பத்தியில் 161 கலோரியும் 225 மில்லிகிராம் சோடியமும் தெரியும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 30 கிராம் என்பது ஒரு சின்னக் கைப்பிடி. பேச்சு வாக்கில் பாக்கெட்டை முடித்தவர் சாப்பிட்டது ஐந்து சர்வ்: 807 கலோரி, 21 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 1,125 மில்லிகிராம் சோடியம்.

எந்த எண் அதிகம், எது குறைவு என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் பிரிட்டனில் பாக்கெட்டின் முன்பக்க நிறக் குறியீட்டுக்கு வைத்திருப்பது கைக்கு அடக்கமானது. திட உணவில் 100 கிராமுக்குக் கொழுப்பு 17.5 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம், சர்க்கரை 22.5 கிராம், உப்பு 1.5 கிராம். இதற்கு மேல் போனால் சிவப்பு. முறையே 3, 1.5, 5, 0.3 கிராமுக்குள் இருந்தால் பச்சை. நம் மிக்சரின் 750 மில்லிகிராம் சோடியம் ஏறக்குறைய 1.9 கிராம் உப்புக்குச் சமம் என்பதால் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, உப்பு என்று மூன்று சிவப்பு விழும்.

சதவீதம் ஆர்.டி.ஏ.ன்னு போட்டிருக்கே, 19 சதவீதம்னா அதிகமா கம்மியா?

ஒரு நாளைக்குரிய அளவில் ஒரு சர்வ் எவ்வளவு பங்கு என்பதே அந்தச் சதவீதம். கணக்கின் அடிப்படை: 2,000 கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்றது 22 கிராம், டிரான்ஸ் 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம். மிக்சரின் ஒரு சர்வில் நிறைவுற்ற கொழுப்பு 4.2 கிராம், அதாவது 19 சதவீதம். முழுப் பாக்கெட்டில் 95 சதவீதம். அன்றைக்குச் சாப்பிடும் தோசை எண்ணெய்க்கும் பாலுக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் மிச்சம் 5 சதவீதம்தான். அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி ஒரு சர்வில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் குறைவு, 20 சதவீதமும் அதற்கு மேலும் அதிகம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகியவற்றுக்கு இந்த எண் உச்சவரம்பு. எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து, 2,000 கலோரி பெரியவர்களுக்கானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில் 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,360 கலோரிதான். குழந்தை தின்னும் பாக்கெட்டில் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் அதற்கு அது ஏறக்குறைய 30.

சோடியம்னு போடுறாங்க. உப்பு எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சோடியத்தை 2.5 ஆல் பெருக்குங்கள். 1,125 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.8 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; வீட்டுச் சமையலில் போடும் உப்பும் இதில் அடக்கம்.

கரிக்காத பொருளிலும் சோடியம் இருக்கும். இனிப்பு பிஸ்கட்டில் சமையல் சோடா, சாஸில் சோடியம் பென்சோயேட், நூடுல்ஸ் மசாலாவில் அஜினோமோட்டோ, அப்பளத்தில் அப்பளக் காரம் எல்லாமே சோடியம் சேர்ந்தவை. நாக்கை நம்ப முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ‘லோ சோடியம்’ என்று போட 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

டோட்டல் சுகர், ஆட்டட் சுகர்னு ரெண்டு வரி. கூட்டிக்கணுமா?

கூட்ட வேண்டாம். சேர்த்த சர்க்கரை மொத்தத்துக்குள் அடங்கியது. எதுவும் சேர்க்காத பாலிலேயே 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் பால் சர்க்கரை உண்டு. ஒரு இனிப்பு லஸ்ஸியில் மொத்தம் 14, சேர்த்தது 10 என்றிருந்தால் மிச்சம் 4 தயிரோடு வந்தது. கவலைப்பட வேண்டியது அந்த 10. 200 மில்லி குடித்தால் 20 கிராம், ஏறக்குறைய நான்கு டீஸ்பூன்.

‘நோ ஆட்டட் சுகர்’னு போட்டிருக்கு, ஆனா நல்லா இனிக்குதே?

சர்க்கரை சேர்க்கவில்லை என்பதும் சர்க்கரை இல்லை என்பதும் வேறு வேறு. பேரீச்சம்பழப் பொருளில் சேர்க்காமலே சர்க்கரை நிறைய இருக்கும். மொத்தச் சர்க்கரை வரி காட்டிக்கொடுத்துவிடும். ‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் கூடாது. அங்கே இனிப்பு வேறு வழியில் வருகிறது: 951 அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. மால்டிடால், சார்பிடால் போன்றவை சேர்ந்திருந்தால் அதிகம் தின்ன வயிறு இளகும். அஸ்பார்டேம் உள்ளதைப் பெனில்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் தொடக் கூடாது. லேபிளில் அந்த எச்சரிக்கை இருக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டிலும் மைதா மைதாதான். 100 கிராமில் மாவுச்சத்து 60, 70 கிராம் இருக்கலாம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்றொரு பொருள் சர்க்கரை வரியில் வராது, மாவுச்சத்து வரியில்தான் வரும். ஆனால் ரத்தத்தில் வேகமாகக் குளுக்கோஸாகிவிடும். அதனால் அவர்களுக்கு முதல் வரி மொத்த மாவுச்சத்து, அடுத்தது சர்க்கரை.

பழச்சாறு தனிக் கதை. செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து விற்பதற்கு ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று போடக் கூடாது என 2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. பட்டியலில் முதல் பெயர் தண்ணீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

நாட்டுச்சக்கரை, கருப்பட்டி போட்டதுன்னா சுகர்காரங்க சாப்பிடலாம்ல?

இல்லை. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். அவற்றிலுள்ள தாது உப்புகளுக்காகச் சாப்பிட வேண்டுமென்றால் அதற்குள் சர்க்கரையின் அளவு எங்கேயோ போய்விடும். இதை யார் சொன்னாலும் வீட்டில் சண்டை வரும் என்பது தெரிந்ததே.

கேழ்வரகு பிஸ்கட்னு வாங்கினேன். அதுல கேழ்வரகு எவ்வளவு இருக்குன்னு தெரியுமா?

தெரியும். ஒரு பொருளைப் பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தினால் அதன் சதவீதத்தைச் சேர்பொருள் பட்டியலில் போட்டாக வேண்டும். பட்டியலும் எடையில் அதிகமானதில் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர், சர்க்கரை, பாமாயில், கேழ்வரகு மாவு 8 சதவீதம்’ என்று இருந்தால் அது கேழ்வரகு தூவிய மைதா பிஸ்கட். மைதாவுக்கு லேபிளில் அதுதான் பெயர். ‘மல்டிகிரெய்ன்’ என்றாலும் இதே சோதனைதான். ஐந்து தானியமும் சேர்ந்து ஐந்து சதவீதம் வந்தாலும் ஐந்து தானியம்தான்.

வரிசையில் ஒரு தந்திரம் உண்டு. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் முதலிடத்துக்கு வந்துவிடும். சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், தேன் என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். வரிசை நன்றாக இருந்து இனிப்பும் தூக்கலாக இருந்தால் முன்பு சொன்ன சேர்த்த சர்க்கரை வரிக்குப் போங்கள். அங்கே பிரித்துக் காட்ட வழியில்லை.

நார்ச்சத்து வாசகத்துக்கும் எல்லை உண்டு: ‘ஹை ஃபைபர்’ என்று சொல்ல 100 கிராமில் 6 கிராம் வேண்டும், 3 கிராம் இருந்தால் ‘சோர்ஸ் ஆஃப் ஃபைபர்’ என்று மட்டும் சொல்லலாம்.

கலோரி சரியாத்தான் போட்டிருக்காங்களான்னு நாமளே பாக்க முடியுமா?

முடியும். மாவுச்சத்து 1 கிராமுக்கு 4, புரதம் 1 கிராமுக்கு 4, கொழுப்பு 1 கிராமுக்கு 9. மிக்சருக்கு: 45 பெருக்கல் 4 என்றால் 180, 13 பெருக்கல் 4 என்றால் 52, 34 பெருக்கல் 9 என்றால் 306. கூட்டினால் 538, லேபிளில் உள்ளதும் அதே.

பத்து இருபது கலோரி முன்பின் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். நார்ச்சத்துக்கு 2 கலோரிதான் என்பதால் அது அதிகமுள்ள பொருளில் லேபிள் எண் நம் கணக்கைவிடக் குறையும். நூறு கலோரிக்கு மேல் இடித்தால் அச்சுப் பிழையாக இருக்கலாம். அல்லது அட்டவணையில் ஒரு பத்தி ஒரு சர்வுக்கும் இன்னொன்று தயாரித்த பானத்துக்கும் என்று இருக்கும். தலைப்பை மறுபடி படியுங்கள்.

இதே கணக்கில் ‘புரதம் நிறைந்தது’ என்பதையும் அளக்கலாம். ஒரு புரத பார் 220 கலோரி, புரதம் 10 கிராம் என்றால் புரதத்தால் வருவது 40 கலோரிதான். மீதி 180 சர்க்கரையும் கொழுப்பும் மாவும்.

டிரான்ஸ் ஃபேட் ஜீரோ, கொலஸ்ட்ரால் ஜீரோ. அப்ப இதயத்துக்கு நல்லதுதானே?

100 கிராமில் 0.2 கிராமுக்குக் கீழே இருந்தாலே ‘டிரான்ஸ் ஃபேட் ஃப்ரீ’ என்று போடலாம். உணவில் உள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். அதன் பிறகு, டிரான்ஸ் அதிகமிருந்த வனஸ்பதியின் இடத்தைப் பல பொருள்களில் பாமாயிலும் அதன் பிரிவுகளும் பிடித்திருக்கின்றன. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே டிரான்ஸ் பூஜ்யம் என்று பார்த்ததும் அதற்கு மேல் வரிக்குக் கண்ணை ஏற்றுங்கள்.

கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் மட்டுமே குறிப்பிடும்படி இருக்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சிப்ஸ் எதிலும் முதலிலிருந்தே இல்லை. இல்லாததை எடுத்துவிட்டதுபோல் எழுதுவது வியாபாரம். இயல்பிலேயே இல்லையென்றால் அப்படித்தான் குறிப்பிட வேண்டும் என்கிறது விதி.

ஐ.என்.எஸ். 500, 322ன்னு நம்பர் போட்டா கெமிக்கல்தானே?

எண் என்பது அனுமதிக்கப்பட்ட சேர்மானத்துக்கான சர்வதேசப் பட்டியல் எண். 500 சமையல் சோடா, 330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி, 322 எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் லெசித்தின். பார்த்தவுடன் பயப்பட ஒன்றுமில்லை.

சிலருக்குச் சில எண்கள் முக்கியம். 102 டார்ட்ரசின் மஞ்சள், 110 சன்செட் யெல்லோ ஆகிய செயற்கை நிறங்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். 621 (அஜினோமோட்டோ) சேர்த்த பொருள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. ‘அஜினோமோட்டோ சேர்க்கவில்லை’ என்ற பாக்கெட்டில் 627, 631, 635 இருந்தால் அவையும் சுவை தூக்கும் உப்புகளே, சோடியமும் உண்டு. ஒரே பட்டியலில் நிறம், மணம், சுவை தூக்கி மூன்றும் இருந்தால் மூலப்பொருளுக்குத் தானாக நிறமும் மணமும் இல்லை என்று கொள்ளலாம்.

பச்சைப் புள்ளி இருந்தா சுத்த சைவமா?

பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். பழைய குறியில் அசைவத்துக்கும் வட்டம்தான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக முக்கோணமாக்கியது உபயோகமான மாற்றம். முட்டை சேர்ந்தால் அசைவம். பால், தேன் சைவக் கணக்கு. எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் 471 என்ற சேர்மானம் செடியிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். அதை எண்ணால் அறிய முடியாது, குறிதான் சாட்சி.

கோதுமை ஒத்துக்காது. பட்டியல்ல கோதுமைன்னு இல்லைன்னா வாங்கலாமா?

பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். குளூட்டன் (கோதுமை போன்றவற்றில் இருக்கும் புரதம்) உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவற்றைத் தனியே சொல்ல வேண்டும். ‘மே கன்டெய்ன்’ என்றால் சேர்க்கவில்லை, ஆனால் அதே இயந்திரத்தில் கலந்திருக்கலாம் என்று பொருள். கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றே.

பெயர் மாறி வருபவை: ரவை, மைதா, சேமியா கோதுமைதான், கேசீன், வே புரதம் இரண்டும் பால். நம் சமையலில் பலரும் கோட்டைவிடுவது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவும் சேர்ப்பார்கள். அது சேர்ந்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாயிலும் கோதுமை வந்துவிடும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனியாகக் கிடைக்கிறது.

பெஸ்ட் பிஃபோர் முடிஞ்சா தூக்கிப் போட்டுடணுமா?

‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ தேதி கடந்தால் சாப்பிடவும் கூடாது, கடைக்காரர் விற்கவும் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது மொறுமொறுப்பும் மணமும் குறையத் தொடங்கும் தேதி. இரண்டுமே பாக்கெட் திறக்காமல், சொன்ன முறையில் வைத்திருந்தால்தான் பொருந்தும். ‘ரெஃப்ரிஜிரேட்’ என்று போட்ட தோசை மாவு வெளியே அடுக்கியிருந்தால் தேதியைப் பார்த்துப் பயனில்லை.

அஞ்சு ரூபா பாக்கெட்டுல அட்டவணையே இல்லையே, அது சட்டப்படி சரியா?

பாக்கெட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் சேர்பொருளும் சத்து விவரமும் அதன் மேல் அச்சிட வேண்டியதில்லை. மொத்தப் பெட்டியில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் பெட்டியைக் கேட்கலாம், அல்லது அதே பொருளின் பெரிய பாக்கெட்டைப் பார்க்கலாம். உப்பு, மசாலாப் பொடி, தேயிலை, குடிநீர் போன்றவற்றுக்கு அளவு எதுவானாலும் சத்து அட்டவணை கட்டாயமில்லை.

பால்ல கலக்குற பவுடருக்கும் நூடுல்ஸுக்கும் எண்ணை எப்படிப் படிக்கிறது?

காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு என்பதே வழக்கம். பவுடரில் 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 32 கிராம் என்றால் 20 கிராம் கரண்டிக்கு 6.4 கிராம். அதற்குமேல் வீட்டில் போடும் சீனி தனி. சில பாக்கெட்டுகளில் ‘பாலுடன்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் தெரியும் புரதமும் கால்சியமும் பெரும்பாலும் பாலுடையது. ‘ஹெல்த் ட்ரிங்க்’ என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. அந்தத் தலைப்பில் இவற்றை அடுக்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லப்பட்டது. நூடுல்ஸில் சோடியத்தின் பெரும்பங்கு மசாலாப் பொட்டலத்தில். பாதிப் பொட்டலம் போட்டால் கணிசமாகக் குறையும்.

பால் பாக்கெட்டுல டோன்ட், ஸ்டாண்டர்டைஸ்ட்னு இருக்கே?

கொழுப்பு அளவின் பெயர்கள். டபுள் டோன்ட் 1.5, டோன்ட் 3, ஸ்டாண்டர்டைஸ்ட் 4.5, ஃபுல் க்ரீம் 6 சதவீதம். உறையின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

இதெல்லாம் ஏன் தமிழ்ல இல்ல? சிங்கப்பூர்ல இருந்து வர்ற பாக்கெட்டும் வேற மாதிரி இருக்கு.

இந்தியாவில் லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. மேலே ஆங்கிலச் சொற்களை அப்படியே கொடுத்திருப்பது பாக்கெட்டில் அடையாளம் காண்பதற்காகத்தான்.

சிங்கப்பூர் பானங்களில் ஏ முதல் டி வரை நியூட்ரி கிரேடு இருக்கும். 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. ஐரோப்பியப் பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதில் உப்பு என்றே போட்டிருப்பார்கள், மறுபடி 2.5 ஆல் பெருக்கிவிடாதீர்கள். கிலோ ஜூல் மட்டும் தெரிந்தால் 4.2 ஆல் வகுத்தால் கலோரி.

லேபிள்ல பொய் இருக்குன்னு தோணினா என்ன பண்றது?

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்துக்கு 14 இலக்க எண் உண்டு. 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அதை ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் போட்டுச் சரிபார்த்து, அங்கேயே புகாரும் பதியலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரிலும் கொடுக்கலாம். பில், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) தெரியும் படம், முடிந்தால் அதே தொகுதியின் திறக்காத பாக்கெட் மூன்றும் கையில் இருக்கட்டும். திறந்த பாக்கெட்டை மட்டும் கொண்டுபோனால் பிறகு கலந்திருக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள்.

வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிச் செய்யப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறியது முடிவில் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.